கம்யூனிட்டி காலேஜ் விரிவாகிறது, மாணவருக்கு என்ன துணை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிஃபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜின் ட்யூட்டரிங் சென்டரில் சில ஆண்டுகளாகக் கணக்குச் சொல்லித் தருகிறேன். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது பெற்றோர் என்னிடம் கேட்பதும், சென்டரில் மாணவர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். இப்போது எல்லா வட்டாரக் கல்லூரிகளும் புதிய படிப்பு, புதிய கட்டடம், மாணவர் நலம் என்று திட்டம் வெளியிடுகின்றன. அதனால் கேள்விகளும் கூடியிருக்கின்றன. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜ் என்பது நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரியா, ஆர்ட்ஸ் காலேஜ் மாதிரியா?

இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. வெல்டிங்கும் பல் மருத்துவ உதவியும் கற்றுத் தரும் அதே வளாகத்தில் கால்குலஸும் தத்துவமும் நடக்கும். பள்ளிப் படிப்பை முடித்தவர்களும் 18 வயது நிறைந்தவர்களும் சேரலாம். மதிப்பெண் பார்த்து வடிகட்டுவது கிடையாது. இரண்டாண்டு அசோசியேட் பட்டம், சில மாதங்களில் முடியும் சான்றிதழ், நான்காண்டு பல்கலைக்கழகத்துக்கு மூன்றாம் ஆண்டில் தாவும் டிரான்ஸ்ஃபர் ஆகியவைதான் பழைய மூன்று வழிகள்.

நாட்டின் முதல் பொதுக் கல்லூரி இந்த வகையில் 1901இல் இல்லினாயின் ஜோலியட்டில் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் 1910இல் ஃப்ரெஸ்னோ. இன்று இந்த மாநிலத்தில் மட்டும் 116 கல்லூரிகள், 73 கல்லூரி மாவட்ட நிர்வாகங்களின் கீழ். இவற்றுக்கெல்லாம் தலைமை ஏற்றிருப்பவர் கேரளத்தில் பிறந்த சோனியா கிறிஸ்டியன். 2023 முதல் சான்சலராக இருக்கிறார்.

நம்ம பையன் அங்கே சேர்ந்தால் பெர்க்லி கனவை மறந்துவிட வேண்டியதுதானா?

இதைக் கேட்கும்போது பெற்றோர் குரல் தாழ்ந்துவிடும். பக்கத்தில் நிற்பவர் காதில் விழக்கூடாதே என்ற கவலை. கவலையே வேண்டாம். கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி) வளாகங்களில் பட்டம் வாங்குகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் கம்யூனிட்டி காலேஜிலிருந்து வந்தவர்கள். யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பட்டதாரிகளில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள் குறித்த பாடங்களையும் மதிப்பெண்ணையும் எட்டினால் இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ அந்த உறுதியைத் தருவதில்லை. ஆனால் டிரான்ஸ்ஃபர் மாணவர்களை ஆண்டுதோறும் எடுக்கின்றன. கால் ஸ்டேட்டுக்கு, 2010இல் வந்த சட்டத்தின்படி, டிரான்ஸ்ஃபருக்கென்றே அமைந்த அசோசியேட் பட்டம் இருக்கிறது. அறுபது யூனிட் (பாட அளவைக் குறிக்கும் அலகு) முடித்தால் அந்த அமைப்புக்குள் ஓரிடம் நிச்சயம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. எந்த வளாகத்துக்கு எந்தத் துறைக்குப் போவதென்று முதல் செமஸ்டரிலேயே உத்தேசமாவது இருக்க வேண்டும். ஒரு வளாகம் ஏற்கும் பாடத்தை இன்னொன்று ஏற்காது. அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று பார்க்கலாம். இதைப் பார்க்காமல் ஓராண்டைத் தொலைத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜிலேயே நான்காண்டு பட்டம் தருகிறார்களாமே?

ஆமாம். விரிவாக்கத்தில் பெரிய மாற்றம் இதுதான். 2014இல் எஸ்பி 850 என்ற சட்டம் பதினைந்து கல்லூரிகளுக்குச் சோதனை முயற்சியாக அனுமதி கொடுத்தது. 2021இல் ஏபி 927 அதை நிரந்தரமாக்கி, ஆண்டுக்கு முப்பது புதிய பட்டப்படிப்புகள் வரை தொடங்கலாம் என்றது. கால் ஸ்டேட்டோ யூசியோ ஏற்கெனவே நடத்தும் படிப்பாக இருக்கக் கூடாது என்பது நிபந்தனை.

அதனால் பட்டியலைப் பார்த்தால் வழக்கமான பெயர்கள் இருக்காது. ஃபுட்ஹில் கல்லூரியில் பல் சுகாதாரம், ஸ்கைலைனில் சுவாசச் சிகிச்சை, பேக்கர்ஸ்ஃபீல்டில் தொழிற்சாலைத் தானியங்கி நுட்பம், மிராகோஸ்டாவில் உயிரிமருந்து உற்பத்தி, சைப்ரஸ் கல்லூரியில் இறந்தோர் உடலைப் பேணி ஈமச் சடங்குக்கு ஆயத்தம் செய்யும் படிப்பு. கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஒவ்வொன்றும் அந்தந்த வட்டாரத்தில் ஆள் தேடும் வேலை என்பதால்தான் தொடங்கப்பட்டது.

செலவு: முதல் அறுபது யூனிட்டுக்கு யூனிட் 46 டாலர், மேல்நிலை அறுபது யூனிட்டுக்கு 130 டாலர். கூட்டினால் நான்காண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் 10,560 டாலர். புத்தகம், போக்குவரத்து, சாப்பாடு தனி.

அப்படியானால் பி.எஸ்ஸி. நர்சிங் ஏன் இல்லை?

மருத்துவமனைகள் பட்டம் பெற்ற செவிலியரைக் கேட்கின்றன. கம்யூனிட்டி காலேஜ்கள் பெரும்பாலும் அசோசியேட் பட்டத்தோடு நிற்கின்றன. குறிப்பிட்ட சில மாவட்டங்களில் நர்சிங் பட்டம் தரும் மசோதாக்களைச் சட்டமன்றம் 2024இல் நிறைவேற்றியது. ஆளுநர் நியூசம் கையெழுத்திட மறுத்துவிட்டார். பொதுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கெனவே நடத்தும் படிப்பு என்பதுதான் தகராறின் வேர்.

அசோசியேட் நர்சிங்கிலேயே இடம் கிடைப்பது கடினம். கட்டடம் கட்டி அதைச் சரிசெய்ய முடியாது. மாணவர் பயிற்சி பெற மருத்துவமனை வார்டில் இடம் வேண்டும், பக்கத்தில் நின்று கற்றுத் தரும் ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியருக்கு மருத்துவமனையே கூடுதல் சம்பளம் தரும்போது கல்லூரிக்கு ஏன் வருவார்? "நர்சிங் இடங்களை இரட்டிப்பாக்குவோம்" என்று ஒரு கல்லூரி அறிவித்தால், எந்த மருத்துவமனையோடு ஒப்பந்தம் என்று கேளுங்கள்.

கணக்கில் பலவீனம். முதலில் பழைய பாடத்தைத் திரும்பப் படிக்கச் சொல்வார்களா?

முன்பு சொன்னார்கள். நுழைவில் ஒரு தேர்வு வைத்து, பள்ளிக் கணக்கின் அடியிலிருந்து இரண்டு மூன்று செமஸ்டர் படிக்க வைத்தார்கள். அதற்கு யூனிட் டிரான்ஸ்ஃபர் ஆகாது. நிதியுதவிக் காலமும் கரையும். அந்தப் படிக்கட்டில் ஏறத் தொடங்கியவர்களில் மிகப் பலர் மேலே வரவே இல்லை.

2017இல் கையெழுத்தான ஏபி 705 இதை மாற்றியது. பள்ளி மதிப்பெண்ணை வைத்து, 2019 இலையுதிர் பருவத்துக்குள், மாணவரை நேராக டிரான்ஸ்ஃபர் நிலைப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்றது. தேவைப்பட்டால் கூடவே ஒரு துணை வகுப்பு. முதல் ஆண்டிலேயே அந்தக் கணக்கை முடிப்பவர்கள் தொகை நன்றாக ஏறியது. ஆனால் தோற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள்தான் மாலையில் என் மேசைக்கு வருகிறார்கள். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவருக்குத் துணை வகுப்பும் ட்யூட்டரும் இல்லையென்றால் அந்தப் பிள்ளை தன்மேலேயே பழி போட்டுக்கொண்டு போய்விடுகிறது. இது என்னை மிகவும் வருத்தும் விஷயம்.

கட்டணம் உண்மையில் எவ்வளவு? ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி ஊழியரின் குடும்பத்தாருக்கான விசா) இருக்கிறேன், எனக்கும் அதே கட்டணமா?

மாநிலவாசிக்கு யூனிட் 46 டாலர். 2012 முதல் இதே தொகை. 1984க்கு முன் கட்டணமே கிடையாது. வருமானம் குறைவான மாநிலவாசிகளுக்கு இன்றும் முழுத் தள்ளுபடி உண்டு. விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

மாநிலவாசி என்று ஏற்க, இங்கே ஓராண்டுக்கு மேல் தங்கியிருக்க வேண்டும், தொடர்ந்து தங்கும் எண்ணத்துக்கும் ஆவணம் வேண்டும். ஹெச்-4 அதற்குத் தடையில்லை. எஃப்-1 மாணவர் விசாவும் பி-2 சுற்றுலா விசாவும் தடை. அவர்களுக்குக் கட்டணம் பல மடங்கு. முடிவைச் சொல்ல வேண்டியது கல்லூரியின் சேர்க்கை அலுவலகம். ஓட்டுநர் உரிமம், வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

கட்டணம் இவ்வளவு குறைவு, அப்புறம் எதற்கு மாணவர் துணைத் திட்டம்? படிக்கிறவன் படித்துவிட்டுப் போகிறான்!

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

என்னிடம் கணக்குக் கற்றவர்களில் ஒருவர், இரு பிள்ளைகளின் தாய், புள்ளியியலில் வகுப்பிலேயே முதல் மூன்று பேருக்குள் இருந்தார். நவம்பரில் அவர் காரின் கியர் பாக்ஸ் போய்விட்டது. இரண்டு பஸ் மாறி வந்தால் குழந்தைகளைப் பள்ளியிலிருந்து அழைக்க நேரம் பற்றாது. இரண்டு வாரம் வரவில்லை, மூன்றாவது வாரம் பெயரை எடுத்துவிட்டார். அவர் ஏன் வரவில்லை என்று கல்லூரியிலிருந்து யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவசர உதவித்தொகை இருப்பதைச் சொல்லியிருக்கலாம். எனக்கே அது பிறகுதான் தெரிந்தது.

இது தனிக்கதை. இதன் பின்னால் இருக்கும் உண்மையைச் சோதித்துப் பார்த்தவர்கள் நியூயார்க்கில் இருக்கிறார்கள். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007இல் தன் கம்யூனிட்டி காலேஜ்களில் ஏசாப் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாணவர் முழுநேரம் படிக்க வேண்டும், ஆலோசகரைத் தவறாமல் சந்திக்க வேண்டும், ட்யூட்டரிங்குக்கு வர வேண்டும். பதிலுக்கு, நிதியுதவி போக எஞ்சும் கட்டணத்தைத் திட்டம் ஏற்கும், பாடநூல் தரும், மாதா மாதம் சுரங்க ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் பயண கார்டு தரும். கார்டு வாங்க ஆலோசகரிடம் போயாக வேண்டும். போனால் பேச்சு வரும், பேச்சில் பிரச்சினை வெளிவரும். அந்த ஏற்பாட்டை யோசித்தவர்களுக்கு மாணவர் வாழ்க்கை தெரிந்திருந்தது.

எம்டிஆர்சி என்ற ஆய்வு நிறுவனம் மூன்று கல்லூரிகளில் 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் ஏசாப்பில் சேர்த்தது. மூன்றாண்டு முடிவில் பட்டம் பெற்றவர்கள் ஏசாப்பில் 40 சதவீதம், மற்றப் பாதியில் 22 சதவீதம். இரு பாதியினரும் அதே கல்லூரிகளில், ஒரே வகை வகுப்பில் படித்தவர்கள். ஏசாப் ஆலோசகர் ஒருவருக்கு 60 முதல் 80 மாணவர்; வெளியே ஒருவருக்கு 600 முதல் 1,500 வரை. ஒரு மாணவருக்கு மூன்றாண்டில் ஏறக்குறைய 16,300 டாலர் கூடுதலாகச் செலவானது. ஆனால் பட்டம் பெற்றவர்கள் அவ்வளவு கூடியதால், ஒரு பட்டத்துக்கு ஆன செலவு குறைந்துவிட்டது.

நியூயார்க்கில் மட்டும் நடக்கும் அதிசயம் என்று ஒதுக்க முடியாதபடி, ஒஹாயோவில் மூன்று கல்லூரிகள் இதே முறையைப் பின்பற்றின. மூன்றாண்டில் 35 சதவீதத்துக்கு எதிர் 19 சதவீதம். ஆறாம் ஆண்டில் அந்த மாணவர்களின் சம்பளமும் மற்றவர்களைவிட 11 சதவீதம் கூடியிருந்தது. நம் பக்கத்தில் ஸ்கைலைன் கல்லூரியின் பிராமிஸ் ஸ்காலர்ஸ் திட்டம் ஏசாப்பைப் பார்த்து எழுந்ததே.

அமெரிக்காவில் மாணவர்கள் பட்டினி கிடக்கிறார்களா என்ன?

கிடக்கிறார்கள். 2023இல் கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் எடுத்த பெரிய கணக்கெடுப்பில் ஏறக்குறையப் பாதிப்பேர் உணவுக்குத் திண்டாடுவதாகச் சொன்னார்கள். நான்கில் ஒருவர் வீடின்றி இருந்திருக்கிறார்: நண்பர் வீட்டு சோஃபா, மோட்டல் அறை, கார். லாங் பீச் சிட்டி கல்லூரி 2021இல் தன் வாகன நிறுத்தத்தையே இரவில் திறந்துவிட்டது, காரில் தூங்கும் மாணவர் காவலோடு தூங்கட்டும் என்று. ஆரஞ்ச் கோஸ்ட் கல்லூரி 2020இல் எண்ணூறு பேர் தங்கும் குடியிருப்பைத் திறந்தது. வாடகை எல்லாருக்கும் கட்டுப்படியாகாது.

2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் 2022 ஜூலைக்குள் அடிப்படைத் தேவைகள் மையம் ஒன்று இருந்தாக வேண்டும். மளிகை, கால்ஃப்ரெஷ் உணவுதவிக்கு விண்ணப்பிக்கும் வழி, வீட்டு உதவிக்குப் பரிந்துரை எல்லாம் அங்கே கிடைக்கும். நம் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகக் கூச்சப்படுகிறார்கள். "இல்லாதவங்களுக்கு வெச்சிருக்காங்க, நான் எடுத்தா தப்பில்லையா?" என்று ஒரு தமிழ்ப் பிள்ளை என்னிடம் கேட்டது. அன்று மதியம் அது சாப்பிட்டிருக்கவில்லை. பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்: அந்த அலமாரி அவர்களுக்கும்தான்.

புதிய கட்டடம் பளபளவென்று எழும்புகிறது, கவுன்சிலரை (மாணவர் ஆலோசகரை) பார்க்க மூன்று வாரம் காத்திருக்கிறோம். ஏன்?

கோபம் நியாயமானது. ஆனால் நிர்வாகத்தின் அலட்சியம் மட்டும் காரணமில்லை. பணம் வரும் வாய்க்கால்கள் வேறு வேறு.

கட்டடப் பணம் வாக்காளர் ஏற்கும் கடன் பத்திரத்திலிருந்து வருகிறது. 2000ஆம் ஆண்டு நவம்பரில் மாநில மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய புரோபோசிஷன் 39, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்றிருந்ததை 55 சதவீதமாகக் குறைத்தது. அதற்கு ஈடாக, அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூடச் சம்பளத்துக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடும் வைத்தது. சொந்த வீடு வைத்திருப்பவர்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், கல்லூரி மாவட்டத்தின் பெயரில் ஒரு வரி இருக்கும். அது கூரைக்கும் குழாய்க்கும் போகும், கவுன்சிலருக்குப் போக முடியாது.

அடுத்தது 1961இல் வந்த ஐம்பது சதவீதச் சட்டம். கல்லூரியின் நடைமுறைக் கல்விச் செலவில் குறைந்தது பாதி, வகுப்பறையில் பாடம் நடத்துகிறவர்களின் சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் போக வேண்டும். நிர்வாகம் வீங்கி, வகுப்பு மெலிந்துவிடக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் கவுன்சிலரும் நூலகரும் அந்தப் பாதிக்குள் வருவதில்லை! பொது நிதியில் பத்துக் கவுன்சிலரைச் சேர்த்தால், சட்டத்தின் கண்ணுக்கு அது நிர்வாகச் செலவு ஏறியது போலவே தெரியும். எனவே மாணவர் துணை பெரும்பாலும் தனித் தலைப்பில் வரும் மாநில மானியங்களை நம்பி ஓடுகிறது. மாநில பட்ஜெட் இறுகும் ஆண்டில் முதலில் பயப்படுவது அந்த ஊழியர்கள்தான். மாணவரை அறிந்த ஆலோசகர் தற்காலிக வேலையில் இருக்கிறார் என்பது என் கணிப்பில் இந்த அமைப்பின் பெரிய பிழை. இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்கிறவர்கள் பக்கம் நான் நிற்கிறேன். ஆசிரியர் சங்கங்கள் பலவும் தயங்குவது எனக்குப் புரிகிறது. திறந்துவிட்டால் பணம் கவுன்சிலரிடம் போகாமல் மேலதிகாரி பதவிகளுக்குப் போய்விடும் என்ற அச்சம் அவர்களுக்கு. கவுன்சிலரையும் நூலகரையும் அந்தப் பாதிக்குள் சேர்த்து, பாதியின் அளவை அதற்கேற்ப உயர்த்தினால் இரண்டு பக்கமும் ஏற்க இடம் உண்டு.

எங்கள் கல்லூரி வெளியிட்ட திட்டத்தில் எதைப் பார்ப்பது?

படங்களைத் தாண்டிப் போங்கள். ஒவ்வொரு புதிய படிப்புக்கும் எத்தனை முழுநேர ஆசிரியர் என்று இருக்கிறதா பாருங்கள். ஒரு கவுன்சிலருக்கு எத்தனை மாணவர், ஐந்தாண்டில் அது எத்தனையாகும் என்ற எண் இருக்கிறதா பாருங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகு நிதியுதவி அலுவலகம் திறந்திருக்குமா? வேலை முடித்து வரும் மாணவர்தான் இங்கே அதிகம். புதிய மாணவர் எத்தனை பேர் சேர்வார்கள் என்று பெரிய எழுத்தில் போட்டு, எத்தனை பேர் முடிப்பார்கள் என்பதைப் போடாத திட்டத்தை நான் நம்புவதில்லை.

சொல்ல வேண்டியதை எங்கே சொல்வது?

கல்லூரி மாவட்டத்தின் அறங்காவலர்கள் தேர்தலில் வாக்குப் பெற்று வந்தவர்கள். பிரௌன் சட்டம் என்ற 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களுடைய வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் 72 மணி நேரம் முன்னதாக வெளியாக வேண்டும். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்க வேண்டும். குடியுரிமை கேட்க மாட்டார்கள். இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும் என்பதால் எழுதி எடுத்துப் போங்கள். நான் போன கூட்டங்களில் பார்வையாளர் நாற்காலிகள் பாதிக்கு மேல் காலியாகவே இருந்தன.

என் அம்மா ஊரிலிருந்து நிரந்தரமாக வந்துவிட்டார், வயது 58. அவர் சேரலாமா?

தாராளமாக. கிரெடிட் இல்லாத ஆங்கில வகுப்புகளுக்குக் கட்டணமே இல்லை.

தமிழ்நாட்டிலும் சமூகக் கல்லூரி உண்டே, அதுவும் இதுவும் ஒன்றா?

பெயரும் எண்ணமும் இங்கிருந்து போனவை. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை மயிலை உயர்மறை மாவட்டம் மெட்ராஸ் கம்யூனிட்டி காலேஜைத் தொடங்கியது. பள்ளியை விட்டவர்களுக்கும் வறுமையில் இருப்பவர்களுக்கும் ஒரு தொழிலும் அதோடு வாழ்க்கைத் திறனும் கற்றுத் தருவதே அவற்றின் நோக்கம். 2013க்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழுவும் கல்லூரிகளுக்குள்ளேயே இவற்றைத் தொடங்க நிதி கொடுத்தது. ஆனால் அங்கே படித்த பாடத்தை வைத்து நேராகப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டுக்குள் போகும் டிரான்ஸ்ஃபர் பாதை இங்குபோல் அகலமாக இல்லை. ஊரில் ஒரு தம்பியோ தங்கையோ சேர நினைத்தால், பயிற்சி தரும் நிறுவனத்தின் பெயரையும் போன ஆண்டு முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்பதையும் கேட்டுவிட்டுச் சேரச் சொல்லுங்கள்.

அந்தப் புள்ளியியல் மாணவி திரும்பி வந்தாரா?

இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது கேட்டுவிடுகிறார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் வந்தார். இம்முறை அவசர உதவித்தொகைப் படிவத்தை முதல் நாளே நான் எடுத்துக் கொடுத்தேன். ஏப்ரலில் டயர் மாற்ற அது பயன்பட்டது.